மதுரைக்கு நாலு மணி நேரம்

உச்சிப்புளி அருகில்
ஆகஸ்ட் 17

அன்புள்ள அய்யாவுக்கு,

உங்கள் மகள் ஜோதி எழுதுவது. வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "நல்லாருக்கேன்" என்றுதான் சொல்வீர்கள். அதனால் இதில் கேட்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைக்கிறாள். பத்திரன் மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். "படிக்கிறியா ஆத்தா?" "படிக்கிறேன்யா." "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." அதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை. எனக்கென்று போனும் கிடையாது. எல்லோரும் படுத்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பேனா ஓடுகிற சத்தம்கூட வெளியே கேட்டுவிடுமோ என்று இருக்கிறது.

அய்யா, எனக்கும் பத்திரன் மாமாவுக்கும் கல்யாணம் பேசுகிறார்கள். அம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பால்வாடிக்குப் போனவர். அவருக்கு முப்பத்து மூன்று வயது. எனக்கு வருகிற ஆனியில்தான் பதினெட்டு. "தைக்குள்ள முடிச்சிரணும், வெளிய தெரியாம கோயில்ல வச்சு" என்று அம்மா சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். நான் பிளஸ் டூ பரீட்சை எழுத வேண்டும். அப்புறம் நர்சிங் படிக்க வேண்டும். நீங்கள்தானே சொன்னீர்கள்.

மறுநாள் அம்மாவிடம் கேட்டேன். "ஏன்டி, உன்னையக் கடல்லயா தள்ளுறோம்? இதே வீட்டுக்குள்ளதானடி இருக்கப் போற" என்றாள். மாமா சிரித்தார். "என்னடி இப்படி முழிக்கிற, நான் என்ன சிலோன் நேவியா?" என்றார். அம்மாவும் சிரித்தாள். நான் சாப்பிடாமல் தட்டைக் கழுவி வைத்துவிட்டேன்.

ஒரே ஒரு தடவை வாங்க அய்யா. வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்க.

இதை சுஐபு அண்ணன் கொண்டுவந்து தருவார். என்கூடப் படிக்கிற புதுமடம் மாஷிதாவின் அண்ணன். மாதம் இரண்டு தடவை துபாய்க்குப் பறந்து சாமான் கொண்டுவருகிற குருவி வேலை பார்க்கிறார். பதிலை அவரிடமே கொடுங்கள். வீட்டு விலாசத்துக்கு எழுதிவிடாதீர்கள்.

உங்கள் அன்பு மகள்,
நாகஜோதி


துபாய்
ஆகஸ்ட் 30

என் தாயி ஜோதிக்கு,

அய்யா சுகமாக இருக்கிறேன். சுஐபு தம்பி லாண்டரிக்கே தேடி வந்து உன் கடிதத்தைக் கொடுத்தார். டெலிவரி வண்டியில் உட்கார்ந்தே படித்தேன். உன் கையெழுத்து இவ்வளவு அழகாக மாறியது எனக்குத் தெரியாது. முதுகு பரவாயில்லை.

நீ வீணாகப் பயப்படுகிறாய். நம்ம பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாதா? பெண்ணைப் பெற்றவன் தன் கையால் வெற்றிலைத் தட்டு வாங்காமல் எவனும் பூ வைக்க முடியாது. தகப்பன் உயிரோடு இருக்கும்போது வேறு யார் வாங்கினாலும் செல்லாது. நான் இங்கே இருக்கிறேன். எனக்கு லீவு அடுத்த வைகாசியில்தான். இங்கிருந்து ஊர் வந்து சேர இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள். நினைத்த உடனே வந்து போகிற தூரமா இது? அதனால் நான் வராமல் இருப்பதுதான் உனக்குக் காவல். இதைப் புரிந்துகொள்.

அம்மாவிடம் எதிர்த்துப் பேசாதே. படி. மனதில் உள்ளதை எனக்கு எழுது. ஒன்றையும் மறைக்காமல் எழுது.

வெயிலில் அலையாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அய்யா
சேதுபதி


உச்சிப்புளி அருகில்
செப்டம்பர் 12

அன்புள்ள அய்யாவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்குத்தான் பயமில்லாமல் தூங்கினேன். வேதியியல் செய்முறை நோட்டுக்கு இரண்டு அட்டை போட்டு, நடுவில் வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். கோபப்படக் கூடாது.

சுஐபு அண்ணனிடம், "உங்களுக்கு ரெண்டு நாள் உக்காந்தே போறது கஷ்டமா இல்லையா?" என்று கேட்டேன். அவர் மாஷிதாவைப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டு நாளா? யாரு தங்கச்சி சொன்னது? மதுரையில ஏறுனா நாலு மணி நேரம். நீ ராமநாதபுரத்துல ராத்திரி ரயிலேறி மெட்ராஸ் போறதுல பாதி கூட இல்ல. காலையில இங்கன இடியாப்பம் தின்னுட்டு, மத்தியானம் அங்கன போயி மந்திச் சோறு திங்கலாம்" என்றார். "எப்பப் பாரு தீனிதான் எங்க காக்காவுக்கு" என்று அண்ணனை இடித்தாள் மாஷிதா.

பள்ளிக்கூடத்துக் கணிப்பொறி அறையிலும் பார்த்தேன். துபாய் விமான நிலையத்திலிருந்து மதுரை விமான நிலையம் கிட்டத்தட்ட 2,950 கிலோமீட்டர். நாலு மணி நேரம். அங்கே மணி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். மதுரையிலிருந்து நம் வீட்டுக்குக் காரில் இரண்டரை மணி நேரம். எப்படிக் கூட்டினாலும் ஒரு நாள்கூட வரவில்லை.

தம்பி செத்தபோது எனக்கு எட்டு வயது. "அவுக வந்து சேர ரெண்டு நாளாகும், அதுவரைக்கும் பச்சப்புள்ளைய வச்சிருக்க முடியாது" என்று அம்மா அழுதாள். பத்திரன் மாமாதான் குழி வெட்டினார். நீங்கள் நிலாவில் இருப்பதுபோல நான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் தப்பு செய்ததாகச் சொல்லவில்லை. எனக்குக் கணக்கு மட்டும் சரியாக வரவில்லை.

உங்கள் அன்பு மகள்,
நாகஜோதி


துபாய்
செப்டம்பர் 28

தாயி ஜோதிக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

விமானம் பறக்கிறது நாலு மணி நேரம்தான். அது சுஐபு தம்பிக்கு. எங்களைப் போன்றவர்களின் பயணம் விமானத்தில் ஆரம்பிப்பதில்லை. முதலாளியிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டு நிற்கிற நாள் ஒன்று. மாற்று ஆள் தேடுகிற நாள் ஒன்று. இதையெல்லாம் சேர்த்துத்தான் இரண்டு நாள் என்றேன். தம்பி விசயத்தை இனி எழுதாதே.

பரீட்சை எப்போது, எந்தெந்த மாதத்தில் என்ன தேர்வு என்று விவரமாக எழுது. தையில் உனக்குப் பரீட்சை இல்லாத நாட்கள் எவை? நீ எப்போது படிக்கிறாய், எப்போது ஓய்வாக இருக்கிறாய் என்று தெரிந்தால் எனக்கு ஒரு நிம்மதி.

பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது வீட்டு விசயத்தைச் சொல்லியிருக்கிறாயா?

அய்யா


உச்சிப்புளி அருகில்
அக்டோபர் 11

அன்புள்ள அய்யாவுக்கு,

எல்லோரும் நலம். மழை பிடித்துவிட்டது. ஆடுகளை உள்ளே கட்டியிருப்பதால் வீடெல்லாம் ஒரே நாற்றம்.

நீங்கள் பரீட்சை நாள் கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இதுவரை யாரும் கேட்டதில்லை. அரையாண்டு டிசம்பரில். இரண்டாம் திருப்புதல் தேர்வு ஜனவரி 23 அன்று முடிகிறது. செய்முறைத் தேர்வு பிப்ரவரி 9. நடுவில் இரண்டு வாரம் ஒன்றுமில்லை. மார்ச்சில் பொதுத்தேர்வு.

யாரிடமும் சொல்லவில்லை. மாஷிதாவுக்கு மட்டும் தெரியும். ஆனால் எங்கள் உயிரியல் டீச்சர் காலிதா மிஸ் இருக்கிறார்களே, போன வாரம் வகுப்பில் பெண் பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்து, "வீட்ல யாராச்சும் கல்யாணம்னு பேசுனா என்கிட்ட வந்து சொல்லுங்கடி. என்கிட்டச் சொல்லக் கூச்சமா இருந்தா இந்த நம்பருக்குப் பேசுங்க" என்று கரும்பலகையில் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எழுதினார்கள். தமிழ்ப் புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்தில் குறித்து வைத்தேன். ரொம்பக் கஷ்டம் வந்தால் மிஸ்ஸிடம் டியூஷன் முடிந்து சொல்லலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

நீங்கள் ஊருக்கு வராமலே இருங்கள் அய்யா. வரவேண்டும் என்று அழுதவள்தான், இப்போது வேண்டாம் என்று சாமி கும்பிடுகிறேன். விமானச் சத்தம் கேட்டால்கூட இப்போது பயமாக இருக்கிறது. பக்கத்து ஐ.என்.எஸ். பருந்து கடற்படைத் தளத்து விமானம்தான் என்று தெரிந்தாலும்.

உங்கள் அன்பு மகள்,
நாகஜோதி


துபாய்
அக்டோபர் 24

தாயி ஜோதிக்கு,

சுகம். தீபாவளிக்கு ரூமில் எட்டுப் பேர் சேர்ந்து கோழிக்குழம்பு வைத்தோம். நீ புதுத்துணி போட்டதை அம்மா போனில் காட்டினாள். வளர்ந்துவிட்டாய்.

டீச்சரிடம் ஒன்றும் சொல்லாதே. வீட்டு விசயம் வீட்டுக்குள் இருக்க வேண்டும். போலீசு, ஆபீசர் என்று வந்தால் உன் அம்மா தூக்கில் தொங்கிவிடுவாள். நான் இருக்கிறேன். நான் இங்கிருந்து நகரப் போவதில்லை. என் மேல் நம்பிக்கை இருந்தால் அந்த நம்பரை அழித்துவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அய்யா


உச்சிப்புளி அருகில்
நவம்பர் 9

அன்புள்ள அய்யாவுக்கு,

நீங்கள் நலமா? இங்கே எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் மாமா பள்ளிக்கூட வாசலில் பைக்கோடு நின்றார். எப்போதும் வரமாட்டார். காலிதா மிஸ் வெளியே வந்தபோது, "வணக்கம் டீச்சர், எங்க வீட்டுப் புள்ளைக்கு இனிமே டியூஷன் வேணாம்" என்றார். வழியில் என்னிடம், "என்னடி ஜோதி, டீச்சரம்மாவுக்கு நம்ம வீட்டுக் கல்யாணத்துல அம்புட்டு அக்கறையாமே?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டார். அதுதான் பயமாக இருந்தது.

குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், தமிழ்ப் புத்தகத்தில் பின்னட்டை இல்லை. கிழித்திருந்தது. மற்ற எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. நேராக அந்த ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறார்கள்.

நம்பர் அங்கே இருப்பது யாருக்குத் தெரியும்? வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் மாஷிதாதான். அவளைக் கேட்டேன். "அல்லா மேல ஆணையா நான் இல்லடி" என்றாள். "ஒங்க காக்காவுக்கு எங்க மாமா என்ன குடுத்தாரு?" என்று கேட்டுவிட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு முதல் பெஞ்சுக்குப் போய்விட்டாள். இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுக்கவே பயமாக இருக்கிறது. ஆனால் உங்களிடம் வந்து சேர எனக்கு வேறு வழியில்லை. உறையை ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பிரிந்திருந்தால் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
நாகஜோதி


உச்சிப்புளி அருகில்
டிசம்பர் 1

அன்புள்ள அய்யாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா? இருந்தாலும் இதை உடனே படியுங்கள். உங்களை ஏமாற்றிவிட்டார்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை நாலு மணிக்கு அம்மாவும் மாமாவும் கார் வைத்து மதுரைக்குப் போனார்கள். அம்மாவுக்குக் கண் ஆஸ்பத்திரி என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கண் ஆஸ்பத்திரி? என்னை ஆடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே பூட்டிக்கொண்டு போனார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தார்கள். அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கையில் தட்டு, அதில் தேங்காய், வெற்றிலை, மஞ்சள், ஒரு புடவை. என் தலையில் மல்லிகைப்பூவை வைத்துவிட்டு, "தட்டு மாத்தியாச்சு. தை பதினஞ்சு" என்றாள். ஜனவரி 29. எனக்குப் பரீட்சை இல்லாத அந்த இரண்டு வாரத்துக்குள்.

"அய்யா இல்லாம எப்படிம்மா செல்லும்?" என்று கத்தினேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "எல்லாம் செல்லும்" என்றாள்.

மாமா மட்டும், "விடுக்கா, சின்னப்புள்ள" என்றார்.

யாரோ உங்கள் இடத்தில் நின்று தட்டு வாங்கியிருக்கிறார்கள் அய்யா. உங்கள் தம்பி தர்மராஜ் சித்தப்பாவாக இருக்கலாம். நீங்கள் போன் போட்டு, நான் வாங்காத தட்டு செல்லாது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நேற்றுக் காலை பத்து மணிக்கு உங்கள் போன் வரும், அப்போது பூட்டிவிட்டுப் போனதைக் கத்திச் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்குள்ளேயே காத்திருந்தேன். அம்மா போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்பதே மறந்துவிட்டது. ராத்திரி நீங்கள் கூப்பிட்டபோது அம்மா என்னிடம் கொடுக்கவில்லை.

சீக்கிரம், அய்யா.

நாகஜோதி


துபாய்
டிசம்பர் 20

ஜோதிக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்குக் காய்ச்சல், அதனால் எழுதவில்லை.

நடந்தது நடந்துவிட்டது. இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்? பத்திரன் நல்லவன். பரீட்சை எழுத விடச் சொல்கிறேன். பெரியவர்கள் சொல்வதைக் கேள். தர்மராஜ் சித்தப்பாவிடம் எதுவும் கேட்காதே.

அய்யா


உச்சிப்புளி அருகில்
டிசம்பர் 28

அய்யாவுக்கு,

நான் நலமாக இல்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று சிறப்பு வகுப்பு முடிந்து வெளியே வந்தேன். சுஐபு அண்ணன் மாஷிதாவைக் கூட்டிப்போக பைக்கில் நின்றார். உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "என்ன தங்கச்சி, அன்னைக்கு அய்யாவப் பாத்து மெரண்டுட்டியா?" என்று கேட்டார். "எப்பண்ணே?" என்றேன்.

"அதான், போன மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை. என்கூடத்தான் வந்தாரு. எனக்கு மூணு வரிசை முன்னாடி. கையில ஒரு பை கூட இல்ல. என்னண்ணே வெறுங்கையோடன்னேன். ஒரு சோலி தம்பி, மத்தியானமே திரும்பணும்னாரு. புள்ளகிட்டச் சொல்லிறாதீங்க, திடீர்னு போயி நிக்கணும்னாரு. நானும் சொல்லல. வெளிய ஒங்க மாமா மாலையும் கையுமா நின்னாரு. கார்ல ஒங்க அம்மா."

மாஷிதாதான் என்னைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றரை மாதமாக என்னிடம் பேசாதவள்.

ராத்திரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். விமானம் துபாயில் இரண்டு மணிக்குக் கிளம்பியது என்றார் சுஐபு அண்ணன். நமக்கு அது விடியற்காலை மூன்றரை. நாலு மணி நேரம். ஏழரைக்கு மதுரை. வெளியே வர எட்டேகால். பன்னிரண்டு மணி விமானத்துக்குப் பத்து மணிக்கு உள்ளே போயிருக்க வேண்டும். நடுவில் ஒன்றேமுக்கால் மணி நேரம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கோயில் வாசலில் தட்டு வாங்கிவிட்டு, அங்கே மணி மூன்றாவதற்குள் துபாயில் இறங்கியிருப்பீர்கள். அந்தப் பத்து மணிக்கு நான் பூட்டின வீட்டுக்குள் உங்கள் போனுக்காகக் காத்திருந்தேன்.

பாஸ்போர்ட் கேட்டு நிற்கிற நாள், மாற்று ஆள் தேடுகிற நாள் எல்லாம் அன்றைக்கு எங்கே போனது?

இன்னொரு கணக்கும் போட்டேன். டீச்சர் விசயம், புத்தக அட்டையில் இருந்த நம்பர், பரீட்சை இல்லாத இரண்டு வாரம். இந்த மூன்றையும் நான் ஒரே ஆளுக்குத்தான் எழுதினேன். ஒட்டின உறையை நீங்கள்தான் பிரித்தீர்கள். நான் மாஷிதாவைத் திட்டினேன்.

மாமாவைப் பார்த்துப் பயந்தேன், அம்மாவைப் பார்த்துப் பயந்தேன். உங்களுக்கு எழுதும்போது மட்டும்தான் எனக்குப் பயமில்லாமல் இருந்தது.

ஏன் அய்யா?

நாகஜோதி


துபாய்
ஜனவரி 9

ஜோதிக்கு,

நான் சுகமாக இல்லை. அது உனக்குத் தேவையும் இல்லை.

வந்தேன். உன் கடிதங்களைப் பத்திரனுக்குப் போனில் படித்துக் காட்டியதும் நான்தான். வீட்டில் போலீசு வந்து நிற்கக் கூடாது என்று பயந்தேன்.

பதினொரு வருசமாக அந்த வீட்டுக்கு நான் பணம் அனுப்பினேன், அவ்வளவுதான். இருந்தவன் அவன். புயலில் ஓடு பறந்த அன்றைக்கு உன்னையும் தம்பியையும் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினவன் அவன். தம்பி போன அன்றைக்கு என்னால் வந்திருக்க முடியும். முதலாளி போ என்றுதான் சொன்னார். செத்த பிள்ளையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு நாள் ஆகும் என்று அம்மாவிடம் சொன்னேன். அந்தக் குழியை அவன் வெட்டினான். அவன் ஒன்று கேட்கும்போது நான் எந்த வாயால் இல்லை என்பது?

வீட்டுக்கு வந்திருந்தால் உன் முகத்தைப் பார்த்திருப்பேன். பார்த்திருந்தால் தட்டு வாங்கியிருக்க மாட்டேன். அதனால்தான் வரவில்லை.

ஒத்துக்கொள். என் கடிதங்களை எல்லாம் எரித்துவிடு. இதையும்.

அய்யா


ராமநாதபுரம்
மார்ச் 1

அய்யாவுக்கு,

நான் எங்கே இருக்கிறேன் என்று அம்மா சொல்லியிருப்பாள். எப்படி வந்தேன் என்று நான் சொல்கிறேன்.

உங்கள் கடைசிக் கடிதம் பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள் கிடைத்தது. பொங்கல் கழித்துப் பள்ளிக்கூடம் கிடையாது என்று மாமா சொல்லியிருந்தார். கழிவறைக்குள் நின்று படித்தேன். படித்து முடித்ததும் நேராகக் காலிதா மிஸ்ஸிடம் போனேன். மாஷிதாவும் பின்னாலேயே வந்தாள். மாஷிதாதான், "மிஸ், இவளுக்குத் தை பதினஞ்சுல கல்யாணம்" என்றாள். ஆசிரியர் அறையிலிருந்து நானே போன் போட்டேன். நாலு எண்தானே, அட்டையைக் கிழித்தால் மறந்துவிடுமா?

மறுநாள் போகி. குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி மேடம் இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்தார்கள். மாமா, "கல்யாணமா? சும்மா பேச்சுக்குச் சொன்னதும்மா" என்றார். அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு, "குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்திட்டியேடி" என்று அழுதாள். மேடம் உங்கள் நம்பரைக் கேட்டு, ஸ்பீக்கரில் போட்டார்கள்.

நீங்கள் பேசியதை நான் கேட்டேன்.

"கல்யாணமா? யாருக்கும்மா? நான் இங்கன கெடக்கேன், எனக்கு எப்படித் தெரியும்? லெட்டரா? அவ எனக்கு ஒண்ணும் எழுதலையேம்மா. சின்னப்புள்ள, சினிமாப் பாத்துட்டு ஏதோ ஒளறுது."

மேடம் வந்ததும் என்னைத் தனியே விசாரித்தபோது, கடிதங்கள் இருக்கின்றன என்று சொல்லியிருந்தேன். காட்டவில்லை. காட்டினால் உங்கள் பேரும் வழக்கில் வரும் என்று அவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். அதனால் வேதியியல் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். "ஆமாம்மா, எழுதினா" என்று நீங்கள் சொல்லியிருந்தால் போதும். அவை அட்டைக்குள்ளேயே இருந்திருக்கும்.

போனில் நீங்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் அட்டையைப் பிரித்து ஐந்து கடிதத்தையும் மேடத்தின் கையில் கொடுத்தேன். கடைசிக் கடிதத்தை அவர்கள் நின்றபடி படித்தார்கள். மாமா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "சார், லைன்ல இருங்க" என்றார்கள் மேடம். நீங்கள் வைத்துவிட்டீர்கள்.

மேடம் அன்றைக்கே கொண்டுவந்து சேர்த்த இந்தக் குழந்தைகள் இல்லத்தில் பதினாலு பெண்கள் இருக்கிறோம். சாம்பாரில் உப்பு அதிகம். பரமக்குடிப் பெண் ஒருத்தி தூக்கத்தில் பேசுவாள். செய்முறைத் தேர்வு எழுதிவிட்டேன். நாளைக்கு மொழிப்பாடம். தமிழ்ப் புத்தகத்துக்கு மாஷிதா புது அட்டை போட்டுக் கொடுத்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "போடி, ஒனக்கு மூளை இல்லன்னு எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

இதை சுஐபு அண்ணன் கொண்டு வர மாட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். தபாலில் போடுகிறேன். பன்னிரண்டு நாளாவது ஆகும் என்றார்கள். ஆகட்டும். உங்களிடமிருந்து எனக்கு இனி அவசரமாக ஒன்றும் வர வேண்டியதில்லை.

போன வாரம் இங்கே ஒரு தாள் கொடுத்தார்கள். என்னைப் பார்க்க யார் யாரை விடலாம் என்று நான் எழுத வேண்டும். நான் எழுதாத ஆள் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். நாலு வரி இருந்தது. முதல் வரியில் மாஷிதா. இரண்டாவது காலிதா மிஸ். மூன்றாவதில் அம்மா பேரை எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்.

நாலாவது வரியை என்ன செய்யப் போகிறாய் என்று வார்டன் அக்கா கேட்டார். கோடு போட்டு மூடிவிடட்டுமா என்று பேனாவை நீட்டினார்.

பரீட்சை முடியட்டும் அக்கா என்று சொல்லியிருக்கிறேன்.

நாகஜோதி